அதிகாரம் வந்ததும் ஏன் மாறிப்போகிறார்கள்? மாயக்கதை வாசகர்களின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் சிலர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி மாயக்கதைகள் வாசிக்கிறோம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர், தாங்களும் கதை எழுதிப் பார்க்கும் நாலைந்து பேர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: நல்லாயிருந்த ஆள், அதிகாரம் வந்ததும் ஏன் இப்படி ஆனான்? புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை; கூட்டத்தில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கதைகளின் முடிவுகளும் ஆங்காங்கே வரும். முடிவு தெரிந்தால் வாசிக்கப் பிடிக்காது என்பவர்கள் கவனம்.

அதிகாரம் வந்தால் கதாபாத்திரம் கெட்டே ஆக வேண்டுமா?

இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியோடு ஆக்டன் பிரபுவின் வாசகமும் கூடவே வந்துவிடும்: அதிகாரம் ஆளைக் கெடுக்கப் பார்க்கும், முழு அதிகாரம் முழுசாகக் கெடுத்துவிடும் என்று. எல்லோருக்கும் தெரிந்த வாசகம்தான். அது எங்கே எழுதப்பட்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பாப்பரசர்களின் வரலாற்றை எழுதிய, பின்னாளில் ஆயரான கிரைட்டன் என்பவருக்கு 1887இல் ஆக்டன் எழுதிய கடிதம் அது. பெரிய இடத்தில் இருந்தவர்களைக் கொஞ்சம் தாராளமாக எடைபோட வேண்டும் என்ற எண்ணம் கிரைட்டனின் எழுத்தில் இருந்தது. ஆக்டன் அதைத்தான் மறுத்தார். சாதாரண ஆளைக் கேட்கிற கேள்வியை அரசனையும் கேள், முடிந்தால் இன்னும் கடுமையாகக் கேள் என்றார்.

மாயக்கதை வாசகர்களாகிய எங்களுக்கும் இதே வியாதி இருக்கிறது. கதாநாயகன் ஊரை எரித்தால் 'அவனுக்கு எவ்வளவு வலி இருந்திருக்கும்' என்போம். எதிரி எரித்தால் அரக்கன் என்போம்.

டோல்கீனின் கதையில் மோதிரம்தானே ஆட்களைக் கெடுக்கிறது? அவர்களுடைய பிழை என்ன?

'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' (1954–55) வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: இருளின் அரசன் ஒருவன் தன் வலிமையின் பெரும்பகுதியை ஊற்றிச் செய்த மோதிரம் அது. அணிபவரை மறைக்கும், வலிமை உள்ளவருக்கு மற்றவர்களை ஆளும் சக்தி தரும், வைத்திருப்பவரை மெல்ல மெல்லத் தின்னும். ஃப்ரோடோ என்பவன் அதைச் சுமந்துகொண்டு, எரிமலையில் போட்டு அழிக்கப் போகிற பயணம்தான் கதை.

மோதிரம் எல்லோரிடமும் ஒரே பேச்சைப் பேசுவதில்லை. கூடப்போகிற போரோமிர் என்ற வீரனுக்குத் தன் நகரத்தைக் காப்பாற்ற வேண்டும். மோதிரம் அவனுக்குக் காட்டுவது வெற்றிபெற்ற படை. கண்டால்ஃப் என்ற மந்திரவாதி அதைத் தொடவே மறுக்கிறார். எளியவர்மேல் தனக்குள்ள இரக்கத்தின் வழியாகத்தான் அது தன்னுள் நுழையும் என்று அவருக்குத் தெரியும். இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய இடம். கெட்ட ஆசை உள்ளவனைக் கெட்ட பொருள் கெடுப்பதில் என்ன கதை இருக்கிறது? நல்ல ஆசையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறபோதுதான் கதை தொடங்குகிறது.

ஃப்ரோடோவின் தோட்டக்காரன் சாம் கொஞ்ச நேரம் மோதிரத்தைச் சுமக்கிறான். அவனுக்கும் ஒரு காட்சி வருகிறது: கையில் எரியும் வாளோடு அவன் நடக்கிறான், படைகள் பின்னால் வருகின்றன, அவன் சொன்னதும் அந்தப் பாழ்நிலம் முழுக்கப் பூந்தோட்டமாகிறது. தோட்டக்காரனுக்குத் தோட்டத்தையே காட்டுகிறது பாருங்கள். அவனைக் காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள். எசமான்மேல் உள்ள அன்பு ஒன்று. மற்றது, தனக்குத் தேவை தன் கையால் கொத்திப் பார்க்கிற சின்னத் தோட்டம்தான், ஊரான் கைகளை ஏவிச் செய்கிற பெருந்தோட்டம் வேண்டாம் என்ற வெறும் நடைமுறைப் புத்தி.

சரி, பிழை யாருடையது? மோதிரம் தள்ளுகிறது, உண்மைதான். எந்தப் பக்கம் விழுவது என்பது ஆளைப் பொறுத்தது. ஸ்மீகோல் (பின்னால் கொல்லம் என்று அழைக்கப்படுபவன்) மோதிரத்தைக் கண்ட அன்றே, அதை ஆற்றிலிருந்து எடுத்த தன் நண்பனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுதான் சொந்தமாக்கினான். பிற்காலத்தில் பில்போ கையில் அது கிடைத்த அன்று, அதே ஸ்மீகோலைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரங்கி விட்டுவிட்டுப் போனான். பொருள் ஒன்றுதான்.

கெடுவது எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் காட்டுவது?

இது எழுதுபவர்களின் கேள்வி. எங்களோடு வாசிக்கும் தம்பலகாமத்துப் பிள்ளை ஒருவர் எழுதிய கதையை வைத்துச் சொல்கிறேன். அவருடைய கதாநாயகன் ஒரு வட்டவிதானை. வயலுக்கு முறைத்தண்ணீர் பிரித்துவிடுகிறவர், துருசின் (மதகின்) திறப்பு, அதாவது சாவி, அவர் கையில். அவருக்குக் குளத்து நீரைக் கூப்பிடுகிற மந்திரம் ஒன்று கிடைக்கிறது. முதல் எழுத்துப்படியில் மூன்றாம் பக்கத்திலேயே மனிதர் சிம்மாசனத்தில் ஏறி, தலைகளை வெட்டத் தொடங்கிவிட்டார். வாசித்த எல்லோருக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அடுத்த எழுத்துப்படியில் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கிழித்துவிட்டு இப்படி எழுதினார். விதானையின் தங்கச்சிக்குக் குழந்தை சுகமில்லை, இரவு முறைக்கு வயலில் நிற்க முடியாது. விதானை அவளுடைய வாய்க்காலை அரை மணித்தியாலம் முந்தித் திறக்கிறார். ஒருவரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை. அடுத்த போகத்தில் குழந்தை நல்ல சுகம், ஆனாலும் வாய்க்கால் முந்தித்தான் திறக்கிறது. மூன்றாம் முறை, வரம்பில் நின்ற கிழவர் ஒருவர் "தம்பி, இது என்ர முறையெல்லோ?" என்கிறார். விதானை பதில் சொல்லவில்லை. மந்திரத்தையும் சொல்லவில்லை. குளக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான். கிழவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்.

அந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது, இனிச் சிம்மாசனம் தேவையில்லை என்று சொன்னேன். கேள்வி கேட்டவர் பதில் இல்லாமல் திரும்பிப் போகிற முதல் தருணத்தைக் காட்டுங்கள். மிச்சத்தை வாசகர் தானே எழுதிக்கொள்வார்.

இதில் இராவணனை எங்கே வைப்பது? எங்கள் ஊரில் அவன் வில்லன் இல்லையே?

வில்லன் இல்லைத்தான். கோட்டைக்குள் மான்கள் மேய்கிற பாதையால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போனால், கடலைப் பார்த்து இராவணன் வெட்டு. கோயில் நிற்கிற சுவாமி மலையைப் பிளந்தது போல நேர்செங்குத்தாக இறங்கும் பாறை. எங்கள் பக்கத்து ஐதீகப்படி, அந்த வெட்டை வெட்டியது ஆணவத்துக்காக அல்ல, தாய்க்காக. கோணேசரை வழிபட்டு வந்த தாய்க்கு முடியாமல் போகிறது. அவள் இருக்கும் இடத்துக்கே மலையைக் கொண்டுபோகலாம் என்று மகன் வாளை எடுக்கிறான். சிவன் காலால் அழுத்துகிறார். அப்புறம் தாய் இறந்த சேதி கேட்டு, ஈமக்கடன் செய்யக் கன்னியாவில் வாளை ஊன்றுகிறான், ஏழு இடங்களில் வெந்நீர் ஊறுகிறது. இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியாவுக்குப் போகிற வழக்கத்தை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் எங்கள் வீடுகளில் சொல்வார்கள்.

கதை எழுதுபவருக்கு இது புதையல். சம்பந்தர் தம் பதிகங்களில் வழக்கமாக எட்டாம் பாட்டில் இராவணனை இழுத்துக்கொண்டு வந்து நசுக்குவார். திருக்கோணமலைப் பதிகத்திலும் 'எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்' என்று அந்தப் பாட்டு தொடங்குகிறது. அங்கே அவன் செருக்கு மட்டும்தான். எங்கள் வீட்டுக் கதையில் அதே செயல், அதே மலை, ஆனால் கையை ஓட்டுவது அன்பு. அன்பு இருந்தும் அவன் செய்தது என்ன? ஊர் முழுக்க வந்து கும்பிடுகிற மலையைத் தன் வீட்டு முற்றத்துக்கு வெட்டிக்கொண்டு போகப் பார்த்தான். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவுமில்லை. இரண்டு கதையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் டோல்கீனின் போரோமிர் நிற்கிற இடத்துக்கு இராவணன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டான் என்று தெரியும்.

இராவணன் எங்கள் ஆள், அவனைக் குறைசொல்லக்கூடாது என்று ஒரு பக்கம் சண்டைக்கு வருவார்கள். அவன் அரக்கன், பேசவே கூடாது என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாருக்கும் நல்ல கதை எழுத வராது.

இராவணனுக்குப் புத்தி சொல்ல ஆட்கள் இருந்தார்களே, பிறகும் ஏன்?

நல்ல கேள்வி, ஏனென்றால் இடிப்பாரை இல்லாத அரசன் கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்கிற குறளை (448) எல்லோரும் இங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இராவணனுக்கு இடித்துச் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. மாரீசன் சொன்னான், வீடணன் சொன்னான், பாட்டன் மாலியவான் சொன்னான். கடைசியில் இந்திரசித்தே சீதையை விட்டுவிடு என்றான். கம்பனில் கும்பகர்ணன் மந்திராலோசனையில் எழுந்து கேட்பதை வாசித்தால் இன்றைக்கும் உறைக்கும்: 'பேசுவது மானம்; இடை பேணுவது காமம்; கூசுவது மானுடரை; நன்று நம் கொற்றம்!' அரசவையில், அரசனின் முகத்துக்கு நேரே.

ஆக, ஆள் இருந்தும் போதவில்லை. கம்பன் காட்டுகிற கெடுதி எதிராகப் பேசுபவரைத் துரத்துவதில் தொடங்கவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் அவன் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறான். வீடணன் சொன்னால் எதிரிமேல் உனக்கு அன்பு. கும்பகர்ணன் சொன்னால் உனக்குச் சண்டை பயம், போய்த் தூங்கு. சொன்ன விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்ன ஆளைப் பிடிப்பது. உங்கள் கதாபாத்திரம் இதைச் செய்யத் தொடங்கினால் அவன் கையில் மந்திரக்கோல் இருக்கிறதா, திறப்பு இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

முதல் நாள் போரில் தோற்று அவன் திரும்புகிறபோது கம்பன் ஒரு பட்டியல் போடுகிறான்: திசை யானைகளோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள், நாரதர் மெச்சும்படி பேசிய நா, பத்து முடி, சிவன் தந்த வாள், வீரம். எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்'. அன்றைக்காவது காது திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

புராணத்தில் அதிகாரம் கெடுத்த கதை ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றால்?

நகுடன். பாரதத்தில் வருகிறான். விருத்திரனைக் கொன்ற பழிக்கு அஞ்சி இந்திரன் ஒளிந்துகொள்கிறான், தேவலோகத்துக்கு அரசன் இல்லை. தேவர்கள் பூமியில் நல்ல அரசனாக இருந்த நகுடனைப் போய்க் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு வலிமை இல்லை என்று அவன் முதலில் மறுக்கிறான். சரி என்று ஒரு வரம் தருகிறார்கள்: உன் கண்ணில் படுகிறவர்களின் ஆற்றல் எல்லாம் உனக்கு வந்துவிடும்.

இந்த வரத்தைக் கவனியுங்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு மாயசக்தியை யாரும் கற்பனை செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் முன்னால் வந்து நின்று 'இது பிழை' என்று சொல்லவே ஒருவராலும் முடியாது. வந்து நின்றதுமே சொல்ல வேண்டிய தெம்பு அவனுக்குப் போய்விடும். அதிகாரத்தில் இருப்பவர்முன் வாய் அடைத்துப்போகிற அனுபவம் அப்படியே மாயமாக மாறியிருக்கிறது. பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும்: இந்திராணிமேல் ஆசை, முனிவர்களைப் பல்லக்குச் சுமக்க வைப்பது, அகத்தியரைக் காலால் உதைப்பது, பாம்பாய்ப் போ என்ற சாபம். ஒரு வடிவத்தில் பிருகு முனிவர் அகத்தியரின் சடைக்குள் ஒளிந்திருந்து சாபமிடுகிறார். அவன் கண்ணில் படாதவரால்தான் அவனை எதிர்த்துப் பேச முடிந்தது. என்ன கதைக் கட்டு!

மாயசக்திக்கு ஒரு விலை வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீருமா?

எழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன: ஒவ்வொரு மந்திரத்துக்கும் உயிர்ச்சத்து குறையட்டும், ஆயுள் குறையட்டும். விலை வைப்பது நல்லதுதான். விலையை யார் கட்டுகிறார் என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

உர்சுலா லெ குவினின் முதல் எர்த்சீ நாவலில் (1968) கெட் என்ற இளம் மந்திரவாதி, சக மாணவனுக்குத் தன் திறமையைக் காட்ட இறந்தவரின் ஆவியை அழைக்கிறான். திறந்த வெடிப்பு வழியாக ஒரு நிழல் உள்ளே வந்துவிடுகிறது. கெட்டுக்கு முகம் கிழிகிறது, நோயில் கிடக்கிறான். ஆனால் அந்த வெடிப்பை மூடியதில் உயிரை விடுவது தலைமை மந்திரவாதியான முதியவர். பையனின் வீம்புக்கு இன்னொருவர் கட்டிய விலை. மூன்றாம் புத்தகத்தில் (1972) உலகத்தில் வேறொருவன் திறந்துவிட்ட கதவை மூட, கெட் தன்னிடமுள்ள சக்தி முழுவதையும் செலவழித்து வெறும் ஆளாகிறான். இடையில் அந்த ஆள் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை விளக்க வேறொன்றும் தேவைப்படவில்லை.

பஸ்மாசுரன் கதையும் விலைக் கதைதான், கொஞ்சம் நகைச்சுவையாக. அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கெடுக்காத மாயப்பொருள் ஏதாவது உண்டா?

மணிமேகலையில் வரும் அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரம். அதை வைத்திருப்பவர் யாரையும் அடக்க முடியாது. கொடுக்க மட்டும்தான் முடியும். மாயப்பொருளை வடிவமைக்கும்போதே அதன் வேலையைக் கொடுப்பதோடு நிறுத்திவிட்டார் சாத்தனார்.

ஆனாலும் அவர் அங்கே நிற்கவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. மணிமேகலைக்கு முன் அந்தப் பாத்திரம் ஆபுத்திரனிடம் இருந்தது. இந்திரன் அவனை மெச்சி வரம் தர வருகிறான். எனக்கு உன் வரம் எதற்கு, பசித்தவர் முகம் பார்த்தால் போதும் என்கிறான் ஆபுத்திரன். கோபம் வந்த இந்திரன் நாடு முழுக்க நல்ல மழை பெய்ய வைக்கிறான். எல்லா வீட்டிலும் சோறு. பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைகிற ஆபுத்திரனைக் கூப்பிட ஒருவருமில்லை.

இந்த இடத்தில் கதை எந்தப் பக்கமும் திரும்பலாம். கொடுத்தே பழகிய ஆள், கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறான். இன்றைய எழுத்தாளர் ஒருவர் கையில் கிடைத்தால் அவன் பஞ்சம் வரட்டும் என்று மனதுக்குள் வேண்டத் தொடங்குவான். அதுவும் நல்ல கதைதான், யாராவது எழுதுங்கள். சாத்தனாரின் ஆபுத்திரன் பசி இருக்கிற நாடு எது என்று விசாரித்துச் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் அவனைத் தவறவிட்டுப் போகிறது. ஆளில்லாத தீவில் தான் மட்டும் உண்டு வாழ மனமில்லாமல் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான்.

ஃப்ரோடோ கடைசியில் தோற்றுத்தானே போனான்?

ஆம். எரிமலை விளிம்பில் நின்று மோதிரம் என்னுடையது என்று போட்டுக்கொள்கிறான். கொல்லம் அவன் விரலைக் கடித்து, மோதிரத்தோடு விழுந்ததால்தான் அது அழிந்தது. எங்கள் வாசிப்பில் இந்த இடத்தில் பாதிப்பேருக்கு ஏமாற்றம். எனக்கு இதுதான் நியாயமான முடிவு. நல்லவன் என்பதற்காக அந்தப் பாரத்துக்கு விதிவிலக்குக் கிடையாது. கொல்லம் அன்று உயிரோடு இருந்தது பில்போவும் ஃப்ரோடோவும் முன்பு இரங்கி விட்டதால். யாருக்கும் அதிகாரம் கையில் இல்லாத நேரத்தில் செய்த நல்லது, அதிகாரம் வென்றுவிட்ட நேரத்தில் வந்து உதவுகிறது.

'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரில் டெனேரிஸ் திடீரென்று கெட்டுப்போனது பொருத்தமா?

2019இல் வந்த கடைசிப் பருவத்தில், அதுவரை அடிமைகளை விடுவித்துவந்த அரசி டெனேரிஸ், சரணடைந்த நகரத்தை டிராகனால் எரிக்கிறாள். அவளுடைய பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த பெற்றோர்கூட உலகத்தில் இருந்தார்கள், பாவம்.

திடீரென்று என்பதை நான் ஏற்கவில்லை. மீரீன் நகரத்தில் 163 பிரபுக்களை மரத்தில் அறைந்து கொன்றபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், ஏனென்றால் அவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவளுக்கு ஒரு பிரபு அங்கே 'அடிமைக் குழந்தைகளை அறைந்த கொடுமையை என் தகப்பன் எதிர்த்தவர், அவரையும் அறைந்துவிட்டாய்' என்று முறையிடுகிறார். காட்சி வேகமாகக் கடந்துவிடும். கடைசிப் பருவத்தின் குறை அவசரம். ஆலோசகர்கள் ஒவ்வொருவராக இல்லாமல்போவதும் அவள் தனியாவதும் ஒரு முழுப் பருவத்துக்கு உரிய விஷயம். அதைச் சில அத்தியாயங்களில் ஓட்டிவிட்டார்கள்.

ஒடுக்கப்பட்டவர் கையில் சக்தி வந்தால் அதையும் கெடுதி என்று எழுதலாமா?

கண்ணகியை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அவள் மதுரையை எரித்தவள். எரிக்கும்போதும் தீக்குச் சொல்லி அனுப்புகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று. கோபத்தின் உச்சியிலும் எல்லை இருக்கிறது. அந்த எல்லை போதுமா, மதுரையில் செத்தவர்கள் எல்லோரும் தீயவர்களா என்ற கேள்வி வாசகருக்கு உரியது. கேட்கவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே காப்பியத்தில் எதிர்ப்பக்கம் பாண்டியன். விசாரிக்காமல் ஒரு கட்டளை, ஒரு உயிர். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று விழுகிறான். ஒரு பரல் போதுமாயிருந்தது அவனுக்கு. அதிகாரம் அவனைத் தவறு செய்ய வைத்தது, ஆனால் கெடுத்து முடிக்கவில்லை. இராவணனுக்கும் இவனுக்கும் உள்ள தூரத்தில் பல நாவல்கள் எழுதலாம்.

அதிகாரம் வேண்டாம் என்பவர்தான் அதற்குத் தகுந்தவரா?

மாயக்கதைகளில் இது தேய்ந்துபோன நம்பிக்கை. 'ஹரி பொட்டர்' கதையில் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் மந்திரிப் பதவியை மறுக்கிறார், இளமையில் தனக்கிருந்த அதிகார ஆசையை நினைத்துத் தனக்குத் தானே பயந்து. சரி. ஆனால் பதவி இல்லாமலே எத்தனை பேருடைய வாழ்க்கையை அவர் திட்டம் போட்டு நகர்த்துகிறார்! மறுத்ததாலேயே அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தது பரதன். அவன் மறுத்துவிட்டு ஓடவில்லை. பாதுகையை அரியணையில் வைத்துவிட்டு நந்திக்கிராமத்தில் இருந்து 14 ஆண்டு நாட்டை நடத்துகிறான். வேலை முழுக்க அவனுடையது, இருக்கை மட்டும் இல்லை. 'ஆயிரம் இராமர் நின் கேழ் ஆவரோ' என்று குகன் சும்மா கேட்கவில்லை. இப்படி ஒரு பாத்திரத்தை மையமாக வைத்த மாயக்கதை தமிழில் வந்தால் முதல் வாசகன் நான்.

'இவன்தான் வரப்போகிற அரசன்' என்ற தீர்க்கதரிசனம் கதைக்கு நல்லதா?

ஆபத்தான சாமான். முன்கூட்டியே உரிமை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அவன் செய்கிற எல்லாவற்றுக்கும் அந்த எழுத்தே சாட்சி ஆகிவிடும்.

எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்லில் மீன் உருவத்தோடு சிதைந்த எழுத்துகள் இருக்கின்றன. கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. பறங்கிக்குப் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஆள வருபவர்களைக் கண்ணின் நிறத்தால் மட்டும் அடுக்குவதாக ஊரில் பாடிக்காட்டுவார்கள். 1622இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைப் போட்டுக் கோட்டை எழும்பியது. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. அந்தப் பாட்டில் ஒருவருக்கும் பெயர் இல்லை, புகழ் இல்லை. வருவார்கள், போவார்கள். தீர்க்கதரிசனம் வேண்டுமென்றால் இந்த மாதிரி எழுதுங்கள்.

இங்கே இருந்துகொண்டு அதிகாரம் பற்றி எழுதினால், இது யாரைப் பற்றி என்று கேட்பார்களே?

கேட்பார்கள். சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை வாசிக்கிறது, கேட்காமல் இருக்குமா? டோல்கீனையும் விடவில்லை. இது இரண்டாம் உலகப் போர்தானே என்று கேட்டுக் கேட்டு, இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் மறுத்து எழுத வேண்டி வந்தது. ஒரு ஆளை மனதில் வைத்து எழுதினால் அந்த ஆள் மறக்கப்பட்டதும் கதையும் போய்விடும் என்பதுதான் என் பயம். மற்றப் பயங்கள் உங்களுக்கே தெரியும்.

கெட்டுப்போனவரைக் கதையில் மீட்கலாமா?

மீட்கலாம், ஆனால் மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரி என்று விடாதீர்கள். ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பறிக்கப் பார்த்த போரோமிர் ஒரு மணி நேரம்கூடக் கெட்டுப்போயிருக்கவில்லை. அதற்கும் இரண்டு சின்னவர்களைக் காக்க உடம்பு முழுக்க அம்போடு சாகிறான்.

நகுடன் கதைக்கும் ஒரு பின்பகுதி இருக்கிறது, பலர் வாசிப்பதில்லை. மலைப்பாம்பாகிக் காட்டில் கிடந்த அவன் ஒருநாள் பீமனைச் சுற்றிப் பிடிக்கிறான். தேடி வந்த தருமனிடம், என் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் தம்பியை விடுகிறேன் என்கிறான். பல்லக்கில் இருந்தபோது அவனிடம் கேள்வியே கிடையாது, கட்டளைதான். இப்போது யார் உண்மையான அந்தணன், அறியத்தக்கது எது என்று கேட்கிறான்; எதிரில் நிற்பவன் சொல்வதை முழுக்கக் கேட்கிறான்; மறுத்துத் திரும்பவும் கேட்கிறான். அந்தப் பேச்சின் முடிவில்தான் பாம்பு உடல் கழன்று மேலே போகிறான்.